தாயாக முடியாத கொடி: விதையில்லாத் திராட்சையின் வரலாறு

'வாழையடி வாழையாகத் தழைக்க' என்று வாழ்த்துவது தமிழர் வழக்கு. மணமக்களை வாழ்த்தும்போதும், ஓர் ஆசிரியரின் மாணவர் மரபைப் பாராட்டும்போதும் நம் நாவில் முதலில் வந்து நிற்கும் தொடர் இதுதான். சொல்லும்போது நாம் எண்ணிப் பார்க்காத செய்தி ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. நாம் உண்ணும் வாழைக்கு விதை கிடையாது. தாய்மரத்தின் கிழங்கிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றே அடுத்த தலைமுறையாகிறது. நுணுகிப் பார்த்தால் அக்கன்று தாயின் மகளும் அன்று. தாயே மறுபடி எழுந்து நிற்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். கால்வழி தொடர்வதற்கு நம் முன்னோர் தேர்ந்தெடுத்த உவமை, விதையே இல்லாத ஒரு பயிரின்மேல் அமைந்தது. மாமரத்தை அவர்கள் தேரவில்லை. நல்ல மாம்பழத்தின் கொட்டையை நட்டவர் பலருக்குக் கிடைத்தது புளிப்பு மரம். வாழைக்கன்று அவ்வாறு ஏமாற்றுவதில்லை.

இப்பொழிவின் பொருள் திராட்சை. ஜொகூரில் திராட்சைக்கு என்ன வேலை என்று அவையோர் கேட்கக்கூடும். செனாயைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் நின்ற காலத்தை அறிந்தவர்களுக்கு இந்த வரலாற்றின் பாதி முன்பே தெரியும் என்பதுதான் என் விடை. தோட்டங்களில் நின்றவை ஒட்டு மரங்கள். பால் மிகுதியாகச் சுரக்கும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து, வேறொரு நாற்றின் பட்டைக்குள் செருகிக் கட்டி வளர்த்தவை அவை. ஒரு தோட்டத்தில் வரிசை வரிசையாக ஆயிரக்கணக்கில் நின்றாலும், மரபணு வகையில் அவை அனைத்தும் ஒரே மரம். மலாயாவில் புகழ்பெற்ற 'ஆர்ஆர்ஐஎம் 600' அத்தகையது. ஜாவாவின் ஒரு மரமும், சிலாங்கூரின் பிராங் பெசார் தோட்டத்தில் தேர்ந்த ஒரு மரமும் அதற்குப் பெற்றோர். அந்தப் பிராங் பெசார் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது.

ஒட்டு மரத்தைப் பெருக்க மொட்டுப் போதும். புதிய மரத்தைப் படைக்க மொட்டுப் போதாது. இரண்டு மரங்களைக் கலக்க வேண்டும், காய் பிடிக்க வேண்டும், விதை முளைக்க வேண்டும். ரப்பருக்கு விதைப் பஞ்சமில்லை. கொட்டை வெடித்துச் சிதறும் ஓசையைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். விதையே இல்லாத ஒரு பயிரில் இதை எப்படிச் செய்வது? விதையில்லாத் திராட்சையில் புதிய இரகம் காண முயன்றவர்களின் எதிரில் நெடுங்காலமாக நின்ற கேள்வி இது.

திராட்சைக்குத் தமிழில் கொடிமுந்திரி என்றொரு பெயரும் உண்டு. இன்று அது அகராதியில் உறங்குகிறது. வடசொல்வழி வந்த 'திராட்சை' வழக்கில் வென்றுவிட்டது. விதையில்லாத வகைக்கு நம்மிடம் தனிப்பெயர் தோன்றாததற்குக் காரணம், அது நம் நிலத்தில் விளைந்து நமக்கு அறிமுகமாகவில்லை. உலர்ந்து, வணிகச் சரக்காக வந்து சேர்ந்தது. பாயசத்தில் நெய்யில் பொரித்துப் போடும் உலர்திராட்சையைக் கடைக்காரர் 'கிஸ்மிஸ்' என்பார். அது பாரசீகச் சொல்லான 'கிஷ்மிஷ்' என்பதன் மரூஉ. பாரசீகத்திலிருந்து துருக்கிவரை பரவியிருந்த விதையில்லா வெண்திராட்சையைத்தான் அச்சொல் குறித்தது. துருக்கிய வணிகத்தின் வழியே மேற்கே சென்றபோது அதே கொடி 'சுல்தானா' ஆயிற்று.

அமெரிக்காவில் அது பெயர் மாறிய கதை சுவையானது. கலிபோர்னியாவின் யூபா நகரத்தருகே குடியேறியிருந்த வில்லியம் தாம்சன் என்னும் ஆங்கிலேயர், 1872இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகர நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து சில கொடித்துண்டுகளை வரவழைத்தார். பண்ணையின் பட்டியலில் அதன் பெயர் 'லேடி டி கவர்லி'. நட்டுக் காய்த்துப் பார்த்தபின் அண்டை அயலார் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சென்றனர். கொடுத்தவர் பெயரே கொடிக்கு நிலைத்தது. தாம்சன் எதையும் கண்டுபிடிக்கவில்லை, எதையும் கலக்கவுமில்லை. பல நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த ஒரு கொடியைத் தாமும் அடுத்த கைக்கு மாற்றினார். இன்று உலகின் விதையில்லாத் திராட்சைகளுள் மிகப் பலவற்றின் மூதாதைக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது.

இங்கே மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்ல விரும்புகிறேன். கடையில் வாங்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சை ஒன்றை நெடுக்காக அரிந்து, கைக்கண்ணாடி கொண்டு நடுப்பகுதியைப் பாருங்கள். அரிசிக் குருணையினும் சிறியதாய், மென்மையாய், வெளிறிய தடம் ஒன்றோ இரண்டோ தென்படும். அது வளராமற்போன விதை. தாம்சன் கொடியின் பூவில் மகரந்தம் சேர்கிறது, கருவும் உருவாகிறது, விதை வளரவும் தொடங்குகிறது. சில வாரங்களில் அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. விதையுறை கடினமாவதில்லை. நாவுக்கு அது விதையாகத் தோன்றாததால் 'விதையில்லா' என்கிறோம். இந்நிலையை ஆராய்ந்து தெளிவுபடுத்தியவர்களுள் முதன்மையானவர் நியூயார்க் தாவரவியல் பூங்காவின் ஏ. பி. ஸ்டவுட். விதையின்மை பற்றிய அவருடைய விரிவான ஆய்வு 1936இல் வெளிவந்தது.

எல்லா விதையின்மையும் ஒன்றல்ல. கிரேக்கத்துக் கொரிந்து நகரத்தின் பெயரால் வழங்கும் சிறுதிராட்சையில் கருவுறுதலே நிகழாமல் பழம் உருவாகிறது. தர்ப்பூசணியில் விதையை ஒழிக்க ஜப்பானியர் வேறு வழி கண்டனர். மூன்று மடங்கு நிறப்புரித் தொகுதி கொண்ட செடியை உருவாக்கினர். நம் ஜொகூர் அன்னாசியின் நிலை இவற்றினும் வேறானது. அன்னாசியின் பூ தன் இனத்து மகரந்தத்தை ஏற்பதில்லை. ஒரே இரகம் மட்டும் நிற்கும் தோட்டத்தில் அதனால் விதை உண்டாவதில்லை. வேற்றிரகத்தின் மகரந்தம் கிடைத்தால் உண்டாகிவிடும். அன்னாசி தாயாக வல்லது, துணை மாற வேண்டும், அவ்வளவே. அந்த இயல்பைப் பயன்படுத்தித்தான் மலேசிய வேளாண்மை ஆய்வு நிலையமான மார்டி, 'ஜொகூர்' என்ற இரகத்தையும் 'சரவாக்' என்ற இரகத்தையும் கலந்து, 1996இல் 'ஜோசபைன்' என்னும் அன்னாசியை வெளியிட்டது. ஜொகூரின் முதலெழுத்தும் சரவாக்கின் முதலெழுத்தும் சேர்ந்து நிற்கும் அப்பெயரை ஆங்கிலப் பெண்ணின் பெயரென்று கருதுவோர் இன்றும் உண்டு.

தாம்சன் கொடிக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. யாருடைய மகரந்தத்தை இட்டாலும் கரு பாதியில் மடிந்துவிடும். ஆனால் அதன் மகரந்தம் உயிருள்ளது. ஆகவே தாயாக முடியாத கொடி தந்தையாகலாம். விதையுள்ள கொடியைத் தாயாக வைத்து, அதன் பூவில் தாம்சன் மகரந்தத்தை இட்டு, கிடைக்கும் விதைகளை முளைக்கவைத்து, அவற்றுள் தந்தையைப் போல் விதையற்றவையாய்த் தேறுவன எவையென்று பார்க்க வேண்டும். ஸ்டவுட் முதலானோர் பின்பற்றிய வழி இதுவே.

வேலை எத்தகையது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். திராட்சைப் பூ கடுகளவினது. அதன் இதழ்கள் நுனியில் ஒன்றுகூடித் தொப்பிபோல் மூடியிருக்கும். மலரும்போது அத்தொப்பி அடியிலிருந்து கழன்று விழும். அவ்வாறு விழுவதற்கு முன்பே, நுண்ணிய இடுக்கியால் தொப்பியைக் கழற்றி, உள்ளே நிற்கும் ஐந்து மகரந்தத் தாள்களையும் அகற்ற வேண்டும். சூலகத்தில் கீறல் படக்கூடாது. ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள். அகற்றி முடித்தபின் கொத்தைத் தாள் உறையால் மூடி, சூல்முடியில் ஈரம் கசியும் நாளில் உறையைத் திறந்து மகரந்தத்தைத் தடவி மீண்டும் மூட வேண்டும். ஒரு பழத்தில் உருவாகக்கூடிய விதைகள் அதிகம் போனால் நான்கு. அவ்விதைகளைக் குளிரில் வைத்து உறக்கம் கலைத்து முளைக்கவைத்தால், கொடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். காய்த்தபின் பார்த்தால் பெரும்பான்மை தாயைப் போல் விதையுள்ளவையாகவே இருக்கும். விதையற்ற சிலவற்றிலும் பழம் சிறுத்திருக்கும், அல்லது தோல் தடித்திருக்கும், அல்லது கொத்து உதிரும். எல்லாம் கூடிவரும் ஒன்றைத் தேடி ஆண்டுகள் கழியும். ஸ்டவுட் 1928இல் 'ஒன்டாரியோ' என்னும் விதையுள்ள கொடியைத் தாயாக்கித் தாம்சன் மகரந்தமிட்ட கலப்பிலிருந்து பிறந்த 'ஹிம்ராட்' என்னும் இரகம் உழவர் கைக்கு வந்தது 1952இல். இடையில் 24 ஆண்டுகள். கலிபோர்னியாவில் ஹரால்டு ஓல்மோ உருவாக்கி 1946இல் வெளியிட்ட 'பெர்லெட்' பின்னாளில் பஞ்சாப் வயல்களுக்கு வந்து அங்கே நிலைகொண்டது.

தமிழ்நாட்டில் திராட்சை என்றால் கம்பம் பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்தின் அந்நிலத்தில் பந்தலுக்குப் பந்தல் நிற்பது பன்னீர்த் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. 'பன்னீர்' என்ற அழகிய தமிழ்ப் பெயர் தாங்கியிருந்தாலும், தாவர நூல்களில் அதன் பெயர் 'மஸ்கட் ஹாம்பர்க்'. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கண்ணாடிக்குடில் ஒன்றில் இரு பழைய கொடிகளைக் கலந்து பெறப்பட்டது. பிறந்த ஊரில் கண்ணாடியும் கணப்பும் வேண்டியிருந்த கொடி, கம்பத்தில் வெயிலில் நின்று காய்க்கிறது. அது விதையுள்ள பழம். கம்பத்து மக்கள் விதையைத் துப்பிவிட்டு உண்பதை ஒரு குறையாகக் கருதியதில்லை. நகரச் சந்தையும் ஏற்றுமதிச் சந்தையும்தான் விதையில்லாததைக் கேட்டன.

கேட்ட பழத்தைத் தருவதற்குத் தாம்சன் கொடி இருந்தது. ஆனால் வெப்ப நாடு அதற்கு ஒத்துவரவில்லை. குளிர்நாட்டில் திராட்சை இலையுதிர்த்து உறங்கி வசந்தத்தில் விழிக்கும். நம் வெயிலில் அது உறங்குவதே இல்லை. தக்காணத்து உழவர் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலில் ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும் கவாத்துச் செய்து, அரிவாளால் அதற்கொரு பருவத்தை உண்டாக்குகின்றனர். அப்படியும் தாம்சன் கிளையின் அடிமொட்டுகளில் காய் பிடிப்பது அரிது. சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் அதை எளிதில் பற்றும். பழமும் சிறியது.

இச்சிக்கலைக் கையிலெடுத்த நிறுவனங்களுள் தலையாயது பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் 1967இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். அர்க்காவதி ஆற்றின் ஏரி அவ்வூரில் உள்ளது. நிறுவனம் வெளியிட்ட இரகங்கள் 'அர்க்கா' என்னும் முன்னொட்டைத் தாங்கி வருகின்றன. அங்குள்ள ஆய்வாளர்கள் தாயாகத் தேர்ந்தது 'பிளாக் சம்பா' என்னும் கறுப்புத் திராட்சை. விதையுள்ளது, வெப்ப நிலத்தில் நன்கு காய்ப்பது. தந்தை தாம்சன். இவ்விரண்டின் கலப்பிலிருந்து தேறிய மூன்று உடன்பிறப்புகளைப் பாருங்கள். 'அர்க்காவதி' மஞ்சள் கலந்த பச்சை நிறத்தது, மிக இனிப்பானது, உலர்த்துவதற்கு ஏற்றது. 'அர்க்கா நீலமணி' கறுப்பு. கடித்தால் நறுக்கென்று இருக்கும். 'அர்க்கா கிருஷ்ணா'வும் கறுப்பே, சாற்றுக்கு உகந்தது. மூன்றும் விதையற்றவை. கறுப்புத் தாய்க்குப் பச்சைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளைகளும் பிறந்த இந்த ஒரு குடும்பமே, விதைவழிப் பெருக்கம் என்பது எத்தகைய குலுக்கல் என்பதைக் காட்டப் போதும். ஹைதராபாத்தின் புகழ்பெற்ற 'அனாப்-இ-ஷாஹி'யைத் தாயாக வைத்துத் தாம்சன் வழியே பெற்ற 'அர்க்கா சுவேதா' இன்னொரு விதையில்லா இரகம்.

1980களிலும் 1990களிலும் உழவர்க்கு வழங்கப்பட்ட இவ்விரகங்கள், தாம்சனை இடம்பெயர்த்துத் தக்காணம் முழுதும் பரவியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அவ்வாறு நிகழவில்லை. நாசிக், சாங்கலி, சோலாப்பூர் மாவட்டங்களில் நிற்கும் பந்தல்களில் பெரும்பகுதி இன்றும் தாம்சன் கொடியும் அதன் வழிவந்த மாற்றுருக்களுமே. இதற்குப் பொறுப்பை ஆய்வாளர்மேலோ உழவர்மேலோ சுமத்துவது சரியன்று என்பது என் கருத்து. திராட்சைப் பந்தல் நெல் வயலைப் போல் பருவத்துக்குப் பருவம் மாற்றக்கூடியதன்று. கல்தூணும் கம்பியும் சொட்டுநீரும் போட்டு, கொடி நிலைத்துக் காய்க்கும்வரை காத்திருந்து, பதினைந்து இருபது ஆண்டு அதை நம்பிப் பிழைப்பவர், சந்தையில் பெயர் எடுக்காத பழத்தை நட அஞ்சுவார். வாங்குபவர் கேட்பது பழகிய நிறம், பழகிய நீளம், கப்பலில் வாரக்கணக்கில் கெடாமல் செல்லும் தோல். புதிய இரகம் இவை அனைத்திலும் வெல்ல வேண்டும். ஒன்றில் தோற்றாலும் போதும், ஏற்கப்படாது.

ஆய்வு நிலையத்தின் வழி இப்படி மெல்ல நகர்ந்துகொண்டிருக்க, உழவர் கண்ணுக்கு வேறொரு வழி புலப்பட்டது. ஆயிரம் கொடிகளும் ஒரே கொடியின் படிகள்தாம் என்றாலும், எங்கோ ஒரு மொட்டில் மரபணு சற்றே பிறழும். அம்மொட்டிலிருந்து கிளம்பும் கிளையின் பழம் மட்டும் பிறவற்றினும் நீண்டோ பருத்தோ தொங்கும். கொடியை நாள்தோறும் பார்ப்பவருக்கே அது தெரியும். சாங்கலி மாவட்டத்துத் தாஸ்காவ் வட்டாரத்தில், போர்காவைச் சேர்ந்த வசந்த்ராவ் ஆர்வே என்னும் உழவர் தாம்சன் கொடிகளிடையே கண்டு பிரித்தெடுத்தது 'தாஸ்-ஏ-கணேஷ்'. ஊர்ப்பெயரின் முதல் ஒலி அப்பெயரில் நிற்கிறது. சோலாப்பூர் மாவட்டத்து நானஜ் என்னும் ஊரில் நானாசாகேப் காளே கண்டெடுத்தது நீள்பழம் தரும் 'சோனகா'. கறுப்புக் கிஷ்மிஷிலிருந்து 'ஷரத்' இரகத்தைப் பிரித்தவரும் அவரே. இவர்கள் இடுக்கி பிடிக்கவில்லை, கலப்புச் செய்யவில்லை. தாயாக முடியாத கொடிக்குத் தாய்மை தேவைப்படாத ஒரு வழியைப் பயன்படுத்தினர். மகாராட்டிரத்தின் திராட்சை வளத்துக்கு இவ்விருவர் கண்ணும் ஆற்றிய பணி, ஆய்வுநூல்களில் ஒரு வரியாக அடங்கிவிடுவது எனக்கு நிறைவளிப்பதில்லை.

பழத்தின் பருமன் பற்றியும் ஒரு சொல். பழம் பருப்பதற்கு வேண்டிய வளர்ச்சிப் பொருளைத் தருவது விதை. விதை மடிந்தால் பழம் சிறுத்துப்போகும். இக்குறையைத் தீர்த்தது நெல் நோய் ஒன்று. நாற்று வெளிறி, மெலிந்து, அளவுக்கு மீறி உயர்ந்து சாயும் நோயை ஜப்பானியர் 'மடநாற்று நோய்' என்னும் பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1926இல் எய்இச்சி குரோசாவா, நாற்றை அவ்வாறு நீளச்செய்வது ஒரு பூஞ்சை சுரக்கும் பொருள் என்று காட்டினார். பின்னர் பிரித்தெடுக்கப்பட்டு ஜிப்பெரலின் எனப் பெயர் பெற்ற அப்பொருளைத் தெளித்தால் தாம்சன் பழம் பருக்கும் என்பது 1950களின் பிற்பகுதியில் தெளிவாயிற்று. இன்று ஏற்றுமதிக்குச் செல்லும் தாம்சன் கொத்துகள் பெரும்பாலும் அக்கரைசலில் நனைந்தவை. நெல்லுழவனுக்குப் பகையாக வந்தது திராட்சை உழவனுக்குத் துணையாயிற்று.

தந்தைவழிக் கலப்பின் பெரிய குறை, தாய் எப்போதும் விதையுள்ளதாக இருக்கவேண்டியிருந்தது. பிள்ளைகளில் பெரும்பான்மை விதையுள்ளவையாய்ப் பிறந்து, வளர்த்த நிலமும் காத்திருந்த ஆண்டுகளும் வீணாயின. இருபுறமும் விதையற்ற பெற்றோர் அமைந்தால் விதையற்ற பிள்ளைகள் பாதிக்கும் மேல் தேறும் என்பது கணக்கு. ஆனால் விதையற்ற தாயின் வயிற்றில் கரு தங்குவதில்லையே! 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் அமெரிக்க வேளாண் துறையின் டேவிட் ராம்மிங், ரிச்சர்ட் எமர்ஷாட் ஆகியோர் இந்தப் பூட்டைத் திறந்தனர். கரு மடிவது உண்மை. ஆனால் உருவான அன்றே மடிவதில்லை. மகரந்தமிட்டு ஏறத்தாழ 40 முதல் 60 நாள்களுக்குள் பச்சைக் காயைப் பறித்து, கிருமி நீக்கி, உள்ளிருக்கும் சிறுசூலைப் பிரித்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊட்டக்கூழில் வைத்தால் சில கருக்கள் பிழைத்து முளைக்கின்றன. கண்ணாடிக் குழாயில் இலைவிட்டபின் அவற்றைத் தொட்டிக்கு மாற்றிப் பழக்கலாம். 'கரு மீட்பு' என்று இம்முறைக்குப் பெயர். நாள் முந்தினால் கரு முதிர்ந்திராது, பிந்தினால் மடிந்திருக்கும். தாய் தாங்க மாட்டாத பிள்ளையை வேறிடத்தில் வளர்த்தெடுத்த கதைகள் நம் இதிகாசத்தில் உண்டு. காந்தாரியின் நெய்க்குடங்களை நினைத்துக்கொள்ளும் மாணவரைக் குறை சொல்லமாட்டேன்.

கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் சந்தைக்கு வந்துள்ள புதிய விதையில்லா இரகங்களுள் பல இம்முறையின் பிள்ளைகள். 2018இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் விதை மடிவதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் கண்டறிந்து அறிவித்தனர். விதையுறையின் வளர்ச்சியை ஆளும் ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. இனி நாற்று காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலையில் ஒரு துண்டை எடுத்துச் சோதித்தே, விதையுள்ளது இது, விதையற்றது இது என்று பிரித்துவிடலாம்.

கலக்கும் வழி எளிதானதும் கேள்வி இடம்மாறியது. புதிய கொடியைப் படைப்பது எப்படி என்பது பின்சென்று, படைத்த கொடியின் துண்டு யாருடையது என்பது முன்வந்தது. நெல்லைப் போல் விதையால் பெருகும் பயிரில், ஒட்டு விதையின் வீரியம் அடுத்த தலைமுறையில் குன்றுவதால் உழவர் ஆண்டுதோறும் விற்பவரிடம் செல்ல நேர்கிறது. கொடியில் அப்படியில்லை. கையளவு துண்டு ஒன்று கிடைத்தால் முழு இரகமும் கிடைத்துவிடுகிறது, குறைவின்றி, என்றென்றைக்கும். தாம்சன் அண்டை வீட்டாருக்குத் துண்டு கொடுத்த காலத்தில் அது நட்பாக இருந்தது. 24 ஆண்டு உழைத்து ஓர் இரகம் படைத்தவருக்கு அது திருட்டாகத் தோன்றலாம்.

ஜொகூர் பாருவின் பழக்கடைகளில் பெரிய பச்சை மணிகளாகக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் 'ஷைன் மஸ்கட்' இதற்குத் தக்க சான்று. ஜப்பானிய அரசின் ஆய்வு நிலையம் 1988இல் தொடங்கிய கலப்பு அது. 2006இல் அந்நாட்டில் பதிவாயிற்று. இயல்பில் அதற்கு விதை உண்டு. பூக்கும் பருவத்தில் ஜிப்பெரலினில் நனைத்து விதையை ஒழிக்கின்றனர். உலகமே விரும்பிய அப்பழத்தை அயல்நாடுகளில் பதிவுசெய்ய விதிக்கப்பட்டிருந்த காலவரம்புக்குள் ஜப்பான் பதிவுசெய்யவில்லை. துண்டுகள் கொரியாவுக்கும் சீனத்துக்கும் சென்றன. இன்று அந்நாடுகளில் அது பெருவாரியாக விளைகிறது. படைத்த நாட்டுக்கு உரிமைத்தொகை ஒரு காசும் இல்லை. 2020இல் ஜப்பான் தன் சட்டத்தைத் திருத்தி, பதிவுபெற்ற இரகங்களின் நடுபொருள் நாட்டைவிட்டு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தியது. அதே திருத்தம், சொந்த நாட்டு உழவர் தம் தோட்டத்தில் அத்தகைய இரகங்களைப் பெருக்கிக்கொள்வதற்கும் உரிமையாளரின் இசைவைக் கட்டாயமாக்கியது. அண்டை நாட்டுக்குச் சென்ற துண்டுக்காகத் தம் வீட்டுக் கத்திக்குப் பூட்டா என்று அந்நாட்டு உழவர் சிலர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

மலேசியாவில் 2004ஆம் ஆண்டின் புதிய பயிர்வகைப் பாதுகாப்புச் சட்டம் இரகம் படைத்தவரின் உரிமையை ஏற்கிறது; கூடவே, சிறு விவசாயி தம் நிலத்தில் விளைந்ததைக்கொண்டு மீண்டும் பயிரிடவும், சிறு விவசாயிகள் தமக்குள் நியாயமான அளவு நடுபொருளைப் பரிமாறிக்கொள்ளவும் இடம் விடுகிறது. இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலேயே பயிர் இரகங்களின் பாதுகாப்பும் உழவர் உரிமையும் இணைந்து நிற்கின்றன. பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையையும், வணிகப் பெயரிட்டு விற்காதவரையில், உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், பகிரலாம், விற்கலாம்.

விதையில்லாக் கொடியை நட்டவருக்கு அச்சட்டத்தின் 'விதை' என்னும் சொல்லால் என்ன பயன் என்ற ஐயம் எழும். சட்டத்தின் பொருள்விளக்கப் பிரிவு அதற்கு விடை தருகிறது. மீண்டும் முளைத்துத் தன் இனத்தையே தரவல்ல கருவோ நடுபொருளோ எதுவாயினும் அது 'விதை' என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் உழவர் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பெயர் வைத்தனர்: நெல்லுக்கு வித்து, வாழைக்குப் பக்கக்கன்று, கரும்புக்குக் கரணை, முருங்கைக்குப் போத்து, மல்லிகைக்குப் பதியன். இச்சட்டத்தைத் தமிழில் பெயர்க்க முனையும் மாணவர் இவை அனைத்தையும் 'விதை' என்ற ஒரே சொல்லுக்குள் வைத்தாக வேண்டும். தாஸ்காவ் உழவர் அக்டோபர்க் கவாத்தில் வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, அடுத்த ஊர்க்காரருக்குக் கொடுத்தனுப்பும் கொடித்துண்டும் அச்சொல்லுக்குள்தான் வருகிறது.